உண்டி சுருங்கிய பின்

மலேசியத் தமிழர் காலை வேளையில் ஒருவரை ஒருவர் காண நேர்ந்தால், நலம் வினவுவதற்கும் முன்பாக எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. "பசியாறியாச்சா?" என்பதே அது. காலை உணவு உண்பதற்கே 'பசியாறுதல்' என்று பெயரிட்டு வழங்கும் மக்கள் நாம். இச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நம் முன்னோர் அறிந்திருந்த பசியின் நீண்ட வரலாறு என் நினைவுக்கு வருவதுண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைக் கண்ட தலைமுறைகளின் வழிவந்தோர் பலர் இந்நாட்டின் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடி வந்தனர். அவர்தம் மக்கள் சப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசியின்றி மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் காத்தனர். அத்தகையோரின் வீட்டில் உணவு என்பது வெறும் உணவாக இருந்ததில்லை. அதுவே அன்பு, அதுவே மரியாதை, அதுவே செல்வம். பருத்த உடல் வசதியின் அடையாளமாகப் போற்றப்பட்டது. இலையில் மீதம் வைப்பது இட்டவரை அவமதிப்பதாகக் கருதப்பட்டது.

இத்தகைய சமூகத்தில் பிறந்து வளர்ந்த ஒருவன், தன் இரைப்பையில் ஐந்தில் நான்கு பங்கை மருத்துவரிடம் கொடுத்துவிட்டு எஞ்சிய ஒரு பங்கோடு வாழ்வது எங்ஙனம்? நான்கு ஆண்டுகளாக நாள்தோறும் இவ்வினாவுக்கு விடை தேடிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்ல விழைகிறேன்.

எடைக்குறைப்பு அறுவை என்பது நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்னும் அறுவை மருத்துவர் 1966ஆம் ஆண்டில் இரைப்பை மாற்றுவழி அறுவையைச் செய்து இத்துறைக்கு வழி திறந்தார். இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை ஒன்றை மட்டும் பிரித்து, அதனை நேரே சிறுகுடலோடு இணைப்பது அம்முறை. எனக்குச் செய்யப்பட்டது அதனின் வேறானது. இரைப்பையின் இடப்புறத்தை நெடுகிலும் வெட்டி நீக்கி, எஞ்சியதைச் சட்டைக் கைபோல் குறுகிய குழாயாக ஆக்கிவிடுவர். வயிற்றைப் பெரிதாகக் கிழிப்பதில்லை. நான்கைந்து சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்து முடிப்பர். நீக்கப்படும் பகுதியிலேதான் பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் பெரும்பாலும் சுரக்கிறது. 1999ஆம் ஆண்டில் சப்பானிய அறிஞர்கள் கண்டறிந்து உலகுக்கு அறிவித்த பொருள் அது. எனவே, இவ்வறுவையால் உண்ணும் அளவு மட்டுமன்றி உண்ணும் வேட்கையும் குறைகின்றது.

நான் இதற்கு உடன்பட்ட காரணத்தைச் சொல்லுதல் வேண்டும். அப்போது என் எடை 124 கிலோகிராம். உயரம் 168 சென்டிமீட்டர். எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் குறியீட்டெண் எனக்கு 44ஐத் தொட்டிருந்தது. ஆசிய மக்களுக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து மிகுதி என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்துள்ளது. இனிப்புநீர், இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல் ஆகிய மூன்றும் என்னைப் பற்றியிருந்தன. ஆயினும், இவ்வெண்களைக் காட்டிலும் என்னை அசைத்தது வேறொன்று. என் அண்ணன் இனிப்புநீர் நோயால் முதலில் ஒரு காலை இழந்தார். ஈராண்டு கழித்து, 58ஆம் வயதில், உயிரையும் இழந்தார். ஒரே தாயின் கையால் ஒரே பானையில் உண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவரைத் தகனம் செய்துவிட்டுத் திரும்பிய இரவில், எனக்கு எஞ்சியிருந்த ஆண்டுகளை நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

இஃது எங்கள் குடும்பத்தின் கதை மட்டுமன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, வயது வந்த மலேசியரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதாகக் கூறியது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. 2023ஆம் ஆண்டின் ஆய்வோ, இந்நாட்டில் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர் என்று தெரிவித்தது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை என் தாயாரின் வாழ்விலிருந்தே காட்டலாம். அவர் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நானூறு ஐந்நூறு மரங்களை ஒவ்வொன்றாக நடந்து வெட்டி, மீண்டும் அத்தனை மரங்களுக்கும் நடந்து பால் சேர்த்து, வாளிகளைச் சுமந்து வருவார். அவ்வுழைப்புக்கு அவ்வளவு சோறு வேண்டியிருந்தது. தோட்டத்தை விட்டு நாங்கள் பட்டணத்துக்கு வந்தோம். பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் நாற்காலியில் அமர்ந்தோம். சோற்றின் அளவை மட்டும் மறவாமல் உடன் கொண்டுவந்தோம். உழைப்பைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டோம்.

அறுவை நடந்த அன்று மாலையே தாதி ஒருவர் வந்து என்னை எழுப்பி நடக்கச் சொன்னார். வயிற்றில் வலி இருக்கையில் நடையா என்று வியந்தேன். படுத்தே கிடந்தால் கால் நரம்புகளில் குருதி உறைந்து, அவ்வுறைவு நுரையீரலுக்குச் சென்று உயிருக்கே உலை வைக்கலாம் என்று அவர் பொறுமையாக விளக்கினார். மருந்துநீர் தொங்கும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, நடைகூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தேன். உண்பதற்கு முன்பே நடக்கத் தொடங்கிவிட்டேன் என்று பின்னர் நினைத்துக் கொள்வேன்.

முதல் இரண்டு வாரம் நீராகாரம் மட்டுமே. அதன் பின்னர் மசித்த உணவு. அடுத்து மென்மையான உணவு. இரண்டு மாதம் நெருங்கும்போதுதான் வழக்கமான உணவு. வழக்கமான உணவு என்றாலும் அளவு வழக்கமானதன்று. சிறு கிண்ணத்தில் பாதி உண்பதற்கு இருபது நிமிடம் ஆகும். ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். உண்ணும்போது நீர் அருந்தலாகாது. உண்டபின் அரைமணி நேரம் கழித்தே அருந்த வேண்டும். இரைப்பை சிறுத்தபின் ஒரு குவளை நீரை மளமளவென்று குடிக்கும் இன்பமும் போய்விடுகிறது. நம் நாட்டு வெயிலில் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் நீராவது உடலுக்கு வேண்டும். அதனை மிடறு மிடறாக நாள் முழுதும் பருகுவதே ஒரு வேலையாகிவிடுகிறது. எங்குச் சென்றாலும் நீர்ப்புட்டி என் கையோடு வரும்.

உண்ணும் சிறு அளவில் எதை முதலில் உண்பது என்பது அடுத்த கேள்வி. முதலிடம் புரதத்துக்கு. நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்பது மருத்துவர் இட்ட விதி. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம்தான் உண்டு. 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்கு உண்டு. கணக்குப் போட்டால், மீன், முட்டை, கோழி, தௌஃபு, தெம்பே, பருப்பு, தயிர் ஆகியவற்றை உண்டு முடிப்பதற்குள்ளேயே வயிறு நிறைந்துவிடும், சோற்றுக்கு இடமிராது. ரொட்டி சானாயும் மென்மையான ரொட்டியும் மாவாகத் திரண்டு நெஞ்சிலேயே நின்றுவிடும். சீனி மிகுந்த தே தாரேக்கை இரண்டு மிடறுக்கு மேல் என் உடல் ஏற்பதில்லை. இவற்றோடு உயிர்ச்சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுதும் வேண்டும். பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து, டி உயிர்ச்சத்து இவை குறைந்தால் சோகையும் எலும்புத் தேய்வும் நரம்புத் தளர்ச்சியும் பின்தொடரும். மூன்றாம் மாதத்திலிருந்து தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. உடல் பெருமாற்றத்துக்கு உள்ளாகும்போது நேர்வது அது, மீண்டும் முளைக்கும் என்றார் மருத்துவர். அவ்வாறே முளைத்தது.

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அதில் எந்த மூலிகையின் பெயரும் இல்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின், அளவோடு உண்ணுவதைப் பற்றியே அவர் பெரிதும் பேசுகிறார். பள்ளியில் அவ்வதிகாரத்தைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியவன் நான். அதன் பொருள் இப்போது வேளைதோறும் என் தட்டில் கிடக்கிறது.

உடலுக்கு ஏற்பட்ட இம்மாற்றங்களை நான் எதிர்பார்த்தே இருந்தேன். எதிர்பாராதது வீட்டுக்குள் நிகழ்ந்த மாற்றம். என் மனைவி கைதேர்ந்த சமையற்காரி. பிள்ளைகள் இருவரும் தலைநகருக்குப் பிழைக்கப் போனபின் அவள் சமையலை உண்டு மகிழ நான் ஒருவனே இருந்தேன். அறுவை முடிந்து மூன்று மாதம் சென்றபின், ஒரு நாள் அவள் அடுக்களையில் நின்றவாறே சொன்னாள்: "என்னங்க, முப்பது வருசமா மூணு டின் அரிசி அளந்து போட்ட கைங்க இது. இப்போ ஒரு டின் போட்டாலும் மிச்சம். யாருக்குச் சமைக்கிறேன்னே தெரியல." அவள் அழவில்லை, ஆயினும், அச்சொற்களில் இருந்த வெறுமையை என்னால் உணர முடிந்தது. எனக்கு எடை குறைந்துகொண்டிருந்தது; அவளுக்கோ தன் அன்பைச் சொல்வதற்கான மொழி குறைந்துகொண்டிருந்தது. இதற்கான மாத்திரையை எந்த மருத்துவரும் எழுதித் தருவதில்லை.

வெளியிலும் அப்படியே. ஒரு திருமண விருந்தில் என் இலையில் இருந்த இரண்டு கவளச் சோற்றைக் கண்ட அத்தை ஒருவர், "ஏம்மா, உன் வீட்டுக்காரர் இப்படிக் கோழிக்குஞ்சு மாதிரி கொத்துறாரு? உடம்புக்கு முடியலையா, சமையல் பிடிக்கலையா?" என்று என் மனைவியைக் கேட்டார். அவள் என்ன சொல்வாள்? "இப்போ அளவுதாங்க அத்தை" என்று சிரித்து வைத்தாள். சிலர் வேறு விதமாகவும் பேசினர். வாயைக் கட்ட முடியாதவன் வயிற்றை வெட்டிக்கொண்டான், குறுக்குவழியில் இளைத்தான் என்றனர்.

குறுக்குவழி என்பாருக்கு ஒரு சொல். உடல் தன் எடையைக் காத்துக்கொள்ளப் பிடிவாதமாகப் போராடும். உணவைக் குறைத்தால் பசியைக் கூட்டும். செலவிடும் ஆற்றலைச் சுருக்கும். மன உறுதி ஒன்றினாலேயே இப்போரில் நெடுநாள் வென்றவர் சிலரே. சுவீடன் நாட்டில் 1987ஆம் ஆண்டு தொடங்கிய நீண்ட ஆய்வு ஒன்று, அறுவை செய்துகொண்ட பருமனான மக்களையும் செய்துகொள்ளாதவர்களையும் பல்லாண்டு பின்தொடர்ந்தது. அறுவை செய்துகொண்டவரிடையே இறப்பு குறைந்திருந்தது என்று 2007ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளிவந்தது. அதற்காக இஃது எல்லாருக்கும் ஏற்றதென்று நான் சொல்லவில்லை. தையலிட்ட இடம் கசிதல், குருதிப்போக்கு, பின்னாளில் நெஞ்செரிச்சல் எனத் தீங்குகளும் இதில் உண்டு. மருத்துவர் ஆராய்ந்து சொல்ல வேண்டியது அது. வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசிமருந்துகளும் இப்போது வந்துவிட்டன. எவ்வழியில் சென்றாலும், சென்றடையும் இடத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று காத்திருக்கிறது. அந்த வேலைதான் உடலுழைப்பு.

இழந்த எடை முழுவதும் கொழுப்பாக இருப்பதில்லை; தசையும் உடன் கரைகிறது. ஆறாம் மாதத்தில் இருபத்தெட்டு கிலோ குறைந்திருந்த நான், தாழ்ந்த நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாமல் தவித்தேன். இளைத்தவன் வலியவன் அல்லன் என்பது அன்று விளங்கிற்று. பருத்திருந்த நாளில், என் கால்கள் 124 கிலோவை நாள்தோறும் தூக்கிச் சுமந்து வந்தன. சுமை இறங்கியதும் கால்களுக்கு வேலை குறைந்துவிட்டது. அவற்றுக்கு வேறு வேலை கொடுத்தாக வேண்டும்.

நான் வாழும் தைப்பிங் நடப்பதற்கென்றே அமைந்த ஊர். கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டைகளைச் சீர்திருத்தி 1880ஆம் ஆண்டில் உருவாக்கிய ஏரிப்பூங்கா இங்கு உள்ளது. சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள், சாலையைக் கடந்து கிளை நீட்டி ஏரி நீரைத் தொடுமளவு தாழ்ந்திருக்கும். முதலில் பத்து நிமிடமே நடந்தேன். மூச்சு வாங்கும், ஒரு மரத்தடியில் நின்று நீரை ஒரு மிடறு பருகிவிட்டுத் திரும்புவேன். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினேன். உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையின்படி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடலியக்கமும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். நான்கு மாதத்தில் அந்த 150ஐ எட்டினேன். மழைக்குப் பெயர்போன ஊராதலால், மாலையில் வானம் இருண்டால் பழைய கடைவரிசைகளின் அஞ்சடியில் நடப்பேன். வலுவூட்டும் பயிற்சிக்கு உடற்பயிற்சிக்கூடம் தேடிப் போகவில்லை. ஒன்றரை லிட்டர் நீர்ப்புட்டிகள் இரண்டு, கையூன்றாமல் எழுந்து அமர ஒரு நாற்காலி, ஏறியிறங்க வீட்டுப் படிக்கட்டு ஆகியவையே போதுமானவையாக இருந்தன. அறுவைக்குப்பின் முதல் ஆறு வாரம் மட்டும் எதையும் தூக்கலாகாது என்ற கட்டளையைக் காத்தேன்.

இந்த நடையே எங்கள் வீட்டு வெறுமைக்கும் வழி காட்டியது. அடுக்களையில் பேசிய அந்நாளுக்குப் பின், "நீயும் வா" என்று மனைவியை அழைத்தேன். முதலில் மறுத்தாள், பின்னர் வந்தாள். முப்பது ஆண்டுகளாக எங்கள் பேச்சு சாப்பாட்டு மேசையில்தான் நடந்தது. அதுவும் பெரும்பாலும் குழம்பைப் பற்றியதாகவே இருந்தது. ஏரிக்கரையில் நடக்கையில் வேறு பேச்சுகள் எழுந்தன. அவள் பிறந்த தோட்டம், அவள் படிக்க ஆசைப்பட்டும் படிக்காமற்போன பள்ளி, என் அண்ணனின் இறுதி நாள்கள் என நாங்கள் பேசாது விட்டவை பல. சமையலும் மாறியது. மீனை ஆவியில் வேகவைத்து இஞ்சியும் எலுமிச்சையும் சேர்க்கக் கற்றாள். தௌஃபுவை மிளகில் பிரட்டித் தருவாள். அளவு சிறிதானதால் சுவையில் கூடுதல் கருத்துச் செலுத்துவதாகச் சொல்கிறாள். அவளுடைய இரத்தச் சீனியின் அளவும் இப்போது குறைந்திருக்கிறது.

ஒன்றரை ஆண்டில் என் எடை 82 கிலோவுக்கு இறங்கியது. இப்போது 87. இந்த ஐந்து கிலோ ஏறியபோது எனக்குள் எழுந்த அச்சத்தைச் சொல்லில் வடிப்பது அரிது. மாடியிலிருந்து ஒருவன் பிடி நழுவி விழுவது போன்ற உணர்வு. ஓரளவு எடை திரும்புவது இவ்வறுவைக்குப்பின் பலருக்கும் நேர்வதே என்று மருத்துவர் விளக்கினார். சிறுத்த உடல் குறைந்த ஆற்றலிலேயே இயங்கக் கற்றுக்கொள்கிறது; இரைப்பையும் சற்றே நெகிழ்கிறது. உடலுழைப்பு எடையை விரைந்து குறைப்பதைவிட, குறைந்த எடையைக் காப்பதிலேதான் பேருதவி செய்கிறது என்பதை அதன் பின்னரே நன்கு உணர்ந்தேன். நிறைகோலில் நாள்தோறும் ஏறுவதை நிறுத்தினேன். மாதம் ஒருமுறை பார்ப்பதே போதும். மற்ற நாள்களில் வேறு அளவுகோல்களை வைத்துக்கொண்டேன். கையூன்றாமல் எழுகிறேனா? அரிசி மூட்டையை வண்டியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவர முடிகிறதா? பேசிக்கொண்டே ஏரியைச் சுற்றி வர முடிகிறதா?

சென்ற ஆண்டு பத்துமலைக்குச் சென்றோம். 272 படிகள். அண்ணனும் நானும் இளமையில் ஓடி ஏறிய படிகள் அவை. பின்னர் பதினைந்து ஆண்டுகள் அடிவாரத்தில் நின்றே கும்பிட்டுத் திரும்பியிருக்கிறேன். அண்ணனும் தம் கடைசித் தைப்பூசத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்து அடிவாரத்திலிருந்தே அண்ணாந்து பார்த்தார். நான் மூன்று இடங்களில் நின்று இளைப்பாறி ஏறினேன். உச்சியை அடைந்தபோது வெற்றிக் களிப்பு எதுவும் தோன்றவில்லை. அவருக்குக் கிடைக்காத ஆண்டுகள் எனக்குக் கிடைத்திருக்கின்றன என்ற எண்ணமே நெஞ்சை நிறைத்தது. கிடைத்ததைக் காப்பது கடமை என்று அங்கு நின்றபடி உறுதி பூண்டேன்.

இத்தகைய அறுவை செய்துகொண்டோர் நம்மிடையே பெருகி வருகின்றனர். உங்கள் உறவினரிலும் அண்டை வீட்டாரிலும் ஒருவர் இருக்கக்கூடும். பலர் வெளியில் சொல்வதில்லை. அவர் உங்கள் வீட்டுக்கு வந்தால், சிறு தட்டில் சிறிது இடுங்கள். மீதம் வைத்தால் காரணம் கேளாதீர்கள். இளைத்த உடலைக் கண்டு நோயாளி என்று இரங்காதீர்கள். உண்டு முடித்தபின், "வாங்க, அப்படியே கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்" என்று அழையுங்கள். இலை நிறைய இட்டு அன்பு காட்டப் பழகிய கைகள் நம்முடையவை. உடன் நடந்து அன்பு காட்டக் கால்களும் பழகிக்கொள்ளட்டும்.